டீச்சருக்கு யார் பாடம் நடத்தியது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு தவணையாகப் படித்தாலும் சரி, முழுசாகப் படியுங்கள். கடைசியில் ஒருவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் தம்பி மகள் போன் செய்தாள். இடைநிலை ஆசிரியையாக வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. "அத்தை, எப்பப் பார்த்தாலும் பயிற்சின்னு கூப்பிட்டு உட்கார வெக்கிறாங்க. திரையில படம் போடுறாங்க, டீ குடுக்குறாங்க, கையெழுத்து வாங்கிக்கிட்டு அனுப்பிடுறாங்க. ரெண்டு வருஷம் ட்ரெய்னிங் படிச்சது பத்தாதா? இதெல்லாம் எதுக்கு அத்தை?" என்றாள்.

போனில் அவளுக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் இல்லை. 1986 முதல் 2019 வரை என்னிடம் படித்த உங்களில் முதல் பாதிப் பேருக்கும் இது நான் சொல்லியாக வேண்டிய கணக்கு.

நான் ட்ரெய்னிங் படித்தது 1980-82. பெஸ்டலாஜி, ஃபிரோபெல், மாண்டிசோரி எல்லாரையும் மனப்பாடம் செய்தோம். ஹெர்பார்ட்டின் படிகளை வைத்துப் பாடக் குறிப்பு எழுதினோம். ஆயத்தம், எடுத்துரைத்தல் என்று வரிசையாக வரும். மாதிரிப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலைவாரி, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாம் கேள்வி கேட்டால் பத்துக் கை மேலே போகும். அந்தப் பத்துக் கையை நம்பித்தான் பாடக் குறிப்பே எழுதப்பட்டிருக்கும். கை தூக்காத பிள்ளையைப் பற்றி அந்த இரண்டு வருடத்தில் ஒரு வகுப்புகூட நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நான்கு வருடக் காத்திருப்பு. 1986-இல் மரக்காணம் ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். படித்தவர்களுக்குத் தெரியும்.

கூனிமேட்டில் இருப்பவர்களுக்கு உப்பளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அடுத்து உப்பு என்றால் நம் மரக்காணம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது வெள்ளைக் குவியல் குவியலாகத் தெரியுமே, அது. தை, மாசியில் பாத்தி கட்டித் தொடங்கினால் மழை பிடிக்கும் வரை வேலை. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். வீட்டில் மூத்த பெண் பிள்ளைதான் கஞ்சி காய்ச்ச வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பையனாக இருந்தால் கூடவே போய்விடுவான்.

இப்போது பள்ளிக்கூட நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் நாங்கள் பாடத்தை முடித்து ஆண்டுத் தேர்வு வைப்போம். அப்போது உப்பளத்தில் முழு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது, பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். ஆனால் வீட்டில் வருமானம் இருக்காது. வகுப்பு நிறைந்திருக்கும் மாதத்தில் வயிறு காலி, வயிறு கொஞ்சம் நிறையும் மாதத்தில் வகுப்பு காலி. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியிருந்ததால் மதியம் ஒரு வேளையாவது நிச்சயம். இல்லையென்றால் மழைக்காலத்தில் பாதிப் பேரை நாங்கள் பார்த்திருக்கவே முடியாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. முதலில் நான் போட்டது வருகைப் பதிவேட்டில் 'வ' இல்லாத கட்டங்களின் கணக்கு மட்டும்தான்.

1991. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். மாசியிலிருந்து ஆளைக் காணோம். சித்திரையில் ஒருநாள் இடுப்பில் தம்பியோடு வந்து கடைசியில் உட்கார்ந்தாள். நான் அவளை எழுப்பி அன்றைய பாடத்தை வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் நாங்கள் எட்டு பாடம் தாண்டிப் போயிருந்தோம். வாசிக்கத் திணறினாள். நாற்பது பிள்ளைகளின் முன்னால் அவளை நிற்க வைத்து, "நீ உப்பு வாரத்தான் லாயக்கு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இடுப்பில் இருந்த தம்பியும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். மறுநாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் சொன்னபடியே உப்பு வாரப் போய்விட்டாள்.

அப்போது நான் பயிற்சி பெறாதவளா என்றால், இல்லை. சான்றிதழ் இருந்தது. பணியிடைப் பயிற்சியும் ஏற்கெனவே முடித்திருந்தேன். 1986 தேசியக் கல்விக் கொள்கை வந்த கையோடு நாடு முழுவதும் லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பத்து நாள் பயிற்சி நடத்தினார்கள். நானும் போனேன். மின்விசிறி இல்லாத கூடத்தில் கொள்கையின் அத்தியாயங்களை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினார்கள். 1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், பெட்டி நிறையக் கற்பித்தல் கருவிகள். நல்ல திட்டம். ஆனால் பெட்டியில் இருந்த கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் எங்கள் தலைமையாசிரியர் அதைப் பூட்டியே வைத்திருந்தார். ஆண்டாய்வுக்குத் துடைத்துக் காட்டுவோம். 1991-இல் குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் என்று ஒரு பட்டியல் வந்தது. எந்த வகுப்புப் பிள்ளைக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று எண் போட்டு எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் வராத பிள்ளையை அந்த எண்ணுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு அதில் பதில் இல்லை. பயிற்சியில் கேட்டேன். "பெற்றோரை அழைத்துப் பேசுங்கள்" என்றார் கருத்தாளர். விடியுமுன்னே கிளம்பிவிடும் பெற்றோரை நான் எப்போது அழைப்பது?

காற்று கொஞ்சம் மாறியது 1994-க்குப் பிறகுதான். மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், நாங்கள் டி.பி.இ.பி. என்றே சொல்வோம். பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1991 கணக்கெடுப்பில் அந்த சராசரியே 39 சதவீதம்தான், அதற்கும் கீழே நாம். தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் தருமபுரி, திருவண்ணாமலை, அதோடு பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்த கடலூரும் விழுப்புரமும். வட்டார வள மையம் என்ற ஒன்று அப்போதுதான் வந்தது. பயிற்சிக்கு மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. ஒன்றியத்திலேயே, நம்மைப்போல வகுப்பில் நின்ற ஓர் ஆசிரியரே வந்து நடத்துவார். பாட்டுப் பாடினோம், பொம்மலாட்டம் செய்தோம், ஆளுக்கு வருடம் 500 ரூபாய் கொடுத்துத் துணைக்கருவி செய்யச் சொன்னார்கள். முதல் வருடம் சிப்பியும் கிளிஞ்சலும் பொறுக்கி எண்ணுவதற்கு மாலை கோத்தேன். அந்த மாலையை ஞாபகம் வைத்திருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள்.

மகிழ்ச்சியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு முடிந்ததும் பழையபடி எல்லாரும் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத்தான் திறந்தோம். வராத பிள்ளை வராத பிள்ளையாகவே இருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தது வேறு இடத்திலிருந்து வந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி இருக்கிறது. பெரிய பள்ளி. அதைச் சுற்றியுள்ள கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதி சிறு பள்ளிகள் நடத்தினார்கள். பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர். அதற்காகப் பாடப் புத்தகத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, அட்டைகளை ஏணிப்படிபோல வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தன் படியில் ஏறும். பக்கத்துப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். வேலூரில் ஆட்சியராக இருந்தபோது வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் இதைப் பார்த்துப் பழகியவர். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கே அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து தமிழ்நாட்டுப் பாடத்துக்கு அட்டைகள் தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகள். பிறகு மாநகராட்சி முழுவதும். 2007-08-இல் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை. அதுதான் செயல்வழிக் கற்றல், நாம் ஏ.பி.எல். என்று சொன்னது.

எங்கள் ஒன்றியத்திலிருந்து சிலரைச் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியைப் பார்க்க அழைத்துப் போனார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த பயிற்சிகளில் அந்த ஒரு நாளைத்தான் பயிற்சி என்று சொல்வேன். யாரும் உரை ஆற்றவில்லை. வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், சுயவருகைப் பதிவேட்டில் தாங்களே குறித்தார்கள், ஏணியில் தங்கள் படியைப் பார்த்தார்கள், அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். மொத்தம் ஆறு குழு. ஆசிரியர் முழுசாக உதவுவது ஒன்று, கொஞ்சம் உதவுவது ஒன்று, சக மாணவர் உதவுவதில் அதேபோல இரண்டு, தானே படிப்பது ஒன்று, மதிப்பீடு ஒன்று. சுவரின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகைத் துண்டு. ஆசிரியை பாயில் பிள்ளைகளோடு தரையில். பத்தரை மணிக்கு ஒரு பையன் ஓடி வந்தான். பல நாள் கழித்து வருகிறான் போல. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், இப்போது திட்டு விழும் என்று. அந்த ஆசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் ஏணியில் தான் விட்ட படியை விரலால் தேடினான், அட்டையை எடுத்தான், உட்கார்ந்தான்.

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த சார், "என்ன டீச்சர், தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்து எல்லாம் சுலபமாக நடந்ததாக நினைக்காதீர்கள். முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாயில் உட்கார் என்றால் கோபம் வராதா? என் முழங்காலுக்கே வந்தது. சென்னையில் ஆசிரியர்கள் பார்த்து, விரும்பி, தாங்களே செய்தது, எங்களுக்கு உத்தரவாக வந்தது. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் ஒன்றியத்துக்குச் சொல்லி, ஒன்றியம் எங்களுக்குச் சொல்வதற்குள் கடைசிக் கிண்ணத்தில் ரசம் தண்ணீராகிவிடும். வருடத்துக்கு 20 நாள் பயிற்சி என்று அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கணக்கு. அதில் பல நாள் 'எந்த அட்டை எந்தத் தட்டில்' என்பதிலேயே போயிற்று. பார்வைக்கு வருபவர்கள் பிள்ளை படிக்கிறதா என்று பார்க்குமுன் பாய் விரித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பெற்றோரோ, "புத்தகமே இல்லாம என்ன படிப்பு டீச்சர்? பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல டை கட்டி உட்கார வெச்சிருக்காங்க" என்றார்கள். அட்டை கிழிந்தால் புதிது வர மாதக்கணக்காகும். ஐந்தாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் நீளமாகப் பத்தி எழுதத் திணறியதையும் பார்த்தேன். அந்தக் குறை உண்மை.

இவ்வளவுக்குப் பிறகும், நம் உப்பளத்துப் பிள்ளைக்கு அது பொருந்தியது என்றுதான் சொல்வேன். டவுனில் தினமும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது பல முறைகளில் ஒரு முறை. மாசியில் போய் ஆடியில் வரும் பிள்ளைக்கு அது ஒன்றுதான் திறந்திருந்த கதவு.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்ததில் ஒரு விஷயம் தெரிந்து சிரித்துவிட்டேன். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஏதோ புது விஷயம் என்று பயிற்சியில் சொன்னார்களே, அது நம் மண்ணிலிருந்து கப்பலேறிப் போனது. 1789-இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். ஒருநாள் வழியில் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளி ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னார். முடியாது என்றுவிட்டார்கள்! (ஆசிரியர்கள் என்றைக்கும் ஒரே இனம்.) அதனால் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம், ஜான் ஃபிரிஸ்கன் அவன் பெயர், அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை வேலைதான். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. செலவு குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. நம் திண்ணைப் பள்ளியையும் ரொம்பப் புகழ வேண்டாம். சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்ததில்லை.

அந்தப் பிள்ளைகளுக்காகவே 1894 முதல் சென்னையில் ஆல்காட் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அங்கே பொறுப்பில் இருந்த கோர்ட்ரைட் என்ற அம்மையார், பறையர் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்கிறோம் என்று விவரித்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்பே, பசியோடு வரும் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆசிரியருக்குத் தனியாக ஒரு பழக்கம் வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது 1982-இல் பாடமாக வரவில்லை. 2008-இல் பாயில் உட்கார்ந்து கற்றேன். நடுவில் 26 வருடம்.

2009 ஜூன். சேர்க்கை நாள். வெயிலில் கறுத்துக் காய்த்துப்போன ஒரு பெண் ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பாதத்தில் உப்புப் புண். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. படிவத்தில் கைநாட்டு வைக்கப்போனவள், நிறுத்தி, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். மூன்றாம் வகுப்பில் நான் கற்றுக்கொடுத்த எழுத்து. கிளம்பும்போது திரும்பி, "டீச்சர், இவன் நடுவுல ரெண்டு மாசம் வராம போவான், வேற வழியில்ல. வந்தா நிக்க வெக்காதீங்க டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேண்டிக் கேட்டாள்.

"நிக்க வெக்க மாட்டேன்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொல்லவில்லை. சுற்றிலும் மற்ற பெற்றோர் நின்றார்கள், உதவி ஆசிரியை நின்றார், எனக்கு மரியாதை போய்விடுமோ என்ற நினைப்பு.

பையன் சொன்னபடியே மாசியில் போனான், சித்திரையில் வந்தான், ஏணியில் தன் படியைத் தேடினான். அவனுக்காகத்தான் நான் கையால் சில அட்டைகள் எழுதினேன். பாத்திக்கு எத்தனை கூடை, மூட்டைக்கு எத்தனை கிலோ, கூலியில் எவ்வளவு மிச்சம். கணக்கில் அவன் வகுப்பையே முந்தினான்.

அதற்குப் பிறகு நிறைய வந்துவிட்டன. 2010-இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அடிப்பதோடு மனம் நோகப் பேசுவதையும் தடை செய்தது. 1991-இல் நான் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்றைக்குச் சட்டத்தில் தடை, சரிதான். 2012-இல் முப்பருவ முறை. 2019-இல் நான் ஓய்வு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வியை முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். என்னிடம் படித்த பெண் ஒருத்தி தன்னார்வலராகச் சேர்ந்து, "டீச்சர், அந்தப் பழைய அட்டை ஏதாவது இருக்கா?" என்று வீட்டுக்கு வந்தாள். 2022-இல் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். பெயர் புதுசு, ஏணியின் சாயல் தெரிகிறது.

கண்ணு, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தத் திரைப் படத்தைப் பார்த்துக் கொட்டாவி விடு, தப்பில்லை, நானும் விட்டிருக்கிறேன். ஆனால் பயிற்சியில் உன் பக்கத்தில் உட்காரும் டீச்சரிடம், வராத பிள்ளை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேள். நல்ல பதில் சொல்பவர் யாராவது இருந்தால் ஒருநாள் லீவு போட்டுக்கொண்டாவது அவர் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அட்டைப் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். கூலிக் கணக்கு மட்டும் பழைய விலையில் இருக்கும், மாற்றி எழுதிக்கொள்.

முதலில் சொன்ன வேலை. 2009-இல் சேர்ந்த அந்தப் பையன் இப்போது ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். என் பதிவுகளுக்கெல்லாம் முதல் ஆளாக விருப்பக் குறி போடுவான். தம்பி, இந்த வாரம் ஊருக்கு வரும்போது இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அம்மாவுக்கே வாசிக்கத் தெரியும், ஆனால் போனில் எழுத்து சின்னதாக இருக்கும். டீச்சர் அன்றைக்குச் சொன்னது தப்பு, மன்னிக்கச் சொன்னார்கள் என்று சொல். நானும் வருகிறேன், அம்மா உப்பளத்திலிருந்து எத்தனை மணிக்கு வருவார்கள் என்று மட்டும் எனக்குத் தெரிவி.